"எல்லாம் நல்லதுக்குத்தான்"னு வார்டுல வந்து சொல்லாதீங்க

கஷ்டம் மனுஷனைப் பக்குவப்படுத்தும்னு சொல்றோம். நான் மறுக்கல. ஆனா அதை யார்கிட்ட, எப்போ சொல்றோம்?

எங்க பெருங்குடியிலிருந்து ஓஎம்ஆர்ல போய் மத்திய கைலாஷ்ல திரும்பினா அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட். அதுக்குப் பின்னாடி இருக்கிறது ஒரு சாவு. 1923இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அக்கா டாக்டரா இருந்தும் காப்பாற்ற முடியல.

ஆஸ்பத்திரி வந்தது 1954இல், 12 படுக்கையோட. நடுவுல 31 வருஷம். (அதுவரை அந்தம்மா சும்மா இருக்கல, சட்டசபை, ஔவை இல்லம்னு அது பெரிய கதை.) தங்கை போன அன்னைக்கே யாராவது வந்து "எல்லாம் நல்லதுக்குத்தான்"னு சொல்லியிருந்தா எப்படி இருந்திருக்கும்?

ஐசியூ வாசல்ல நாம அதைத்தான் சொல்றோம். பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாகிட்ட "கடவுள் சோதிக்கிறார்"ங்கிறோம். அவங்க நம்ம முன்னாடி அழறதை நிறுத்திடறாங்க, அவ்வளவுதான். சிலர் தன்னோட பக்திதான் பத்தலன்னு வேற நினைச்சுக்கறாங்க.

1990களில் டெடெஷி, கல்ஹூன்னு இரண்டு உளவியலாளர்கள் இதுக்கு 'அதிர்ச்சிக்குப் பின் வளர்ச்சி'ங்கிற பொருள்ல ஒரு பேர் வெச்சாங்க. துயரம் தானா வளர்க்கும்னு அவங்களும் சொல்லல. அதோட மல்லுக்கட்டுறதுல சிலர் வளர்றாங்க. வலியும் கூடவே இருக்கும்.

பக்குவமோ பக்தியோ, பத்து வருஷம் கழிச்சு அவங்களே சொன்னா உட்கார்ந்து கேளுங்க. இன்னைக்கு வார்டுக்கு வர்றீங்கன்னா, வலிக்கு மருந்து கொடுத்தாச்சான்னு நர்ஸ்கிட்ட கேளுங்க. ராத்திரி முழுக்க பெட் பக்கத்துல முழிச்சிருந்த அட்டெண்டருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துட்டு, ரெண்டு மணி நேரம் அவங்க இடத்துல நீங்க உட்காருங்க.