தாளம் தரும் நடை



மலைநாட்டு லயங்களில் வாழ்வோருக்கு நடையே வாழ்க்கை. தண்ணீர்க் குழாய்க்கும், கடைக்கும், கோயிலுக்கும், ஆஸ்பத்திரிக்கும் படியிறங்கியோ மேடேறியோதான் செல்லல் வேண்டும். ஆதலின், பாரிசவாதம் என்னும் பக்கவாதம் ஒருவரது காலை முடக்கிவிட்டால், அவருடைய உலகம் லயத்து வாசலோடு முடிந்துவிடுகிறது. "எல்லாம் தலைவிதி" என்று வீட்டாரும் சோர்ந்துவிடுகிறார்கள். அங்ஙனம் சோர வேண்டியதில்லை என்று கூறவே இவ்வாரம் எழுத முற்பட்டேன்.

மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ மூளையின் ஒரு பகுதி பழுதுறுகிறது. அதனால் உடலின் எதிர்ப்பக்கம் வலுவிழக்கிறது. எழுந்து நடக்கத் தொடங்கிய பின்னரும் ஒரு கால் முந்த, மற்றது இழுபட, நடையின் ஒழுங்கு குலைந்துவிடுகிறது. குலைந்த அவ்வொழுங்கை மீட்கச் செவி துணைபுரியும் என்பதே வியப்பிற்குரிய செய்தி.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாவுட் என்பவரும் அவருடைய துணைவர்களும் இதனை ஆராய்ந்தனர். 1997 ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது ஆய்வில், பக்கவாதமுற்ற 20 பேர் 6 வாரங்கள் நடைப்பயிற்சி பெற்றனர். பாதிப்பேர் தாளத்தோடும் மற்றோர் தாளமின்றியும் நடந்தனர். இரு சாராரும் முன்னேறினர். எனினும், வேகத்திலும் அடியின் நீளத்திலும் தாளத்தோடு நடந்தோரே மிகுதியாக முன்னேறினர். பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கொக்ரேன் நிறுவனமும், இம்முறை நடைக்கு நன்மை தரக்கூடும் என்று 2017 இல் கூறிற்று.

இதற்குக் காரணம் யாது? சீரான தாளத்தைக் கேட்கும் மூளை, அடுத்த தட்டு எப்போது விழும் என்பதை முன்கூட்டியே உணர்கிறது. கேட்கும் பகுதியினின்றும் இயக்கும் பகுதிக்குச் செல்லும் அவ்வுணர்வு, தசைகளை உரிய நேரத்தில் ஆயத்தம் செய்கிறது.

தாளத்தின் ஆற்றல் நமக்குப் புதிதன்று. காமன் கூத்தில் தப்பொலி எழுந்தால் முதியவர் காலும் தானே அசைவதைக் கண்டதில்லையா? வைகறையில் தப்படித்துத்தான் நம் முன்னோரைப் பிரட்டுக்களத்திற்கு அழைத்தனர். அந்த விடியற்பொழுதின் முழவொலியைச் சி. வி. வேலுப்பிள்ளை, 1954 இல் வெளிவந்த தம் ஆங்கில நெடுங்கவிதையில் நிலைபெறச் செய்தார். அன்று அத்தாளம் பிறருடைய கொழுந்துக்காகக் கால்களை விரட்டியது. இன்று ஒருவர் தம் சொந்தக் காலை மீட்டுக்கொள்ள அதே தாளம் உதவுமாயின், அதனினும் இனிய மாற்றம் வேறென்ன?

இனிச் செய்முறையைக் காண்போம். முதற்கண் வைத்தியரினதும் இயன்மருத்துவரினதும் சம்மதம் பெறுக. எழுந்து நிற்கவும் சில அடிகளேனும் வைக்கவும் இயன்றவர்க்கே இப்பயிற்சி ஏற்றது. ஒரு நிமிடத்தில் அவர் இயல்பாக எத்தனை அடி வைக்கிறார் என்று எண்ணுக. 50 அடியாயின், தாளமும் நிமிடத்திற்கு 50 தட்டாக இருத்தல் வேண்டும். கைத்தட்டலோ, அவ்வேகத்திலமைந்த பாட்டோ, கைபேசியிலுள்ள தாளக் கருவியோ போதும். தப்பொலி சாவு வீட்டை நினைவூட்டி மனத்தை வருத்துமாயின், கும்மிப் பாட்டு ஒன்றைப் பாடுக. நடை சீரான பின், 52 அல்லது 53 என மெல்ல உயர்த்துக. பின்னர் இடையிடையே தாளத்தை நிறுத்திப் பார்க்க. தாளமின்றியும் நடை நிலைத்தல் வேண்டும்.

சமதரையிலேயே பழகுக; ஈரப்படிகளும் சரிவுகளும் ஆகா. வலுவிழந்த பக்கத்தில் ஒருவர் துணை நிற்றல் அவசியம். தலைசுற்றலோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ தோன்றின் உடனே நிறுத்துக.

தாளம் மருந்திற்கு மாற்றன்று. முகம் கோணினாலும், கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், நாழிகை போக்காது 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் மருந்து, பொதுவாக நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டியது.

மாணவச் செல்வங்களே! கடிகாரம் பார்த்து அடிகளை எண்ணும் பணி உங்களுடையது. பாட்டி நடக்கப் பேரப்பிள்ளை தாளமிடும் லயத்து முற்றத்தில், சோர்வுக்கு இடம் ஏது?