கல்வெட்டில் துரை பெயர் எதற்கு?



கும்பாபிஷேகக் கல்வெட்டில் முதல் பெயராக அந்தக் காலத்துத் தோட்டத் துரையின் பெயரைப் போடணும்னு சிலர் கேட்கிறார்கள். "வெள்ளைக்காரன்தான் நிலம் கொடுத்தான், அவன் காலத்துல நல்லா இருந்தோம்" என்கிறார்கள். தொண்டர்களான நாங்கள் இதை ஏற்கவில்லை.

நிலம் கொடுத்தானா? லயத்துக்குப் பின்னால ஒரு மூலையைக் காட்டி, கும்பிட்டுக்கோன்னு விட்டான். பட்டா கொடுக்கவில்லை. சாமி இங்கே இருந்தால் ஆள் ஊருக்கு ஓடமாட்டான், விடியற்காலை பெரட்டுக்கு வந்து நிற்பான், அதுதான் அவன் கணக்கு. பிறகு தோட்டங்கள் கைமாறி வீடமைப்பு வந்தபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனை கோயில்கள் கையில் ஒரு கடுதாசிகூட இல்லாமல் நின்றன! இன்றைக்கும் நாம் கோப்பைத் தூக்கிக்கொண்டு நில அலுவலகத்துக்கு அலைகிறோமே, அதுதான் துரை நமக்கு விட்டுப்போன சொத்து.

நல்லா இருந்தோமா? 1941-இல் இதே கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்ம சனம் வேலைநிறுத்தம் செய்தது. சம்பளம் மட்டும் கேட்கவில்லை. கள்ளுக்கடையை மூடு, எங்கள் பெண்களிடம் வாலாட்டாதே, பிள்ளைகளுக்கு நல்ல படிப்பு கொடு, துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே என்றும் கேட்டார்கள். சைக்கிளில் உட்கார்ந்து போவதற்கே போராட வேண்டியிருந்தது ஐயா! தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரகாலம் போட்டார்கள். அடக்க அனுப்பியது யாரை? இந்தியப் பட்டாளத்தை. துப்பாக்கிச் சூட்டில் செத்தது நம்ம ஆளுங்க.

நம்மை வைத்தே நம்மை அடக்குவதுதான் அவன் வித்தை. கங்காணி முறையும் அதே கதைதான். கங்காணி தன் ஊரிலிருந்தே ஆள் பிடித்து வருவான். அவன் ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனைக்கும் அவனுக்குத் தலைக்காசு. காய்ச்சலில் கிடக்கிறவனைச் சும்மா விடுவானா? எங்களில் சிலர் தொழிற்சாலையில் சூப்பர்வைசர்கள். பெயர் கூப்பிடுகிறவன் கை எவ்வளவு தூரம் நீளும்னு எங்களுக்குத் தெரியாதா?

1938-இல் இந்திய அரசு தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. ஆள் பிடிக்கிற கங்காணி போனான், அவன் கொடுத்த பழக்கம் போகவில்லை. முதல் மாலை யாருக்குன்னு சாமி முன்னாலேயே அடித்துக்கொள்கிறோமே! பெரிய கங்காணிக்கும் தண்டலுக்கும் போட்டுப் பழகிய மாலை அது. இப்போது கல்வெட்டிலும் துரைக்கு முதலிடமா?

பால் மரம் வெட்டிய கூலியில் காசு சேர்த்து, மண் சுமந்து இந்தக் கோயிலை எழுப்பியவர்களுக்கு ஒரு கல்லிலும் பெயர் இல்லை. வருகிற ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் நோட்டுப் புத்தகம் வைத்திருப்போம். தாத்தா, பாட்டி பெயரும் அவர்கள் இருந்த லயமும் தெரிந்தவர்கள் எழுதிக் கொடுங்கள். பாட்டிகள் பெயரை மறக்காதீர்கள். ஆண்டுக் கூட்டத்தில் அந்தப் பட்டியலை வைத்து ஓட்டெடுப்பு கேட்போம்.