ரீஃபண்ட் அங்கே, டியூட்டி இங்கே

பூஜா லீவு நெருங்கினால் போதும், லேக் மார்க்கெட் பக்கம் நம்மாட்கள் நாலு பேர் கூடினால் ஒரே பேச்சுதான். யார் பாங்காக், யார் சிங்கப்பூர், இன்னும் கொஞ்சம் வசதி இருந்தால் பாரிஸ். கூடவே ஒரு லிஸ்ட்: மன்னிக்கு ஹேண்ட்பேக், மாப்பிள்ளைக்கு பெல்ட். "டாக்ஸ் ரீஃபண்ட் உண்டாமே, வாங்காம வந்தாத்தான் நஷ்டம்!"

உண்டுதான், ஆனால் எவ்வளவு? பிரான்ஸில் வரி 20 சதவீதம் என்றதும் ஐந்தில் ஒரு பங்கு கைக்கு வந்துவிடும் என்று மனக்கணக்கு போடுகிறோம். வரி விலைக்குள்ளேயே இருப்பதால் அது ஆறில் ஒரு பங்குதான். ரீஃபண்ட் கம்பெனி தன் கமிஷனை எடுத்தபின் வருவது சுமார் 12 சதவீதம். தாய்லாந்தில் வரியே 7தான், சிங்கப்பூரில் 2024 முதல் 9. லண்டனில் கடையில் வாங்கிக் கையோடு கொண்டுவருபவர்களுக்கு இருந்த சலுகை 2021 ஜனவரியோடு போயே போச்சு.

இனி நம்ம ஊர் கணக்கு. 1,500 யூரோ பை. யூரோ 100 ரூபாய் என்று வட்டமாக வைத்தால் ஒன்றரை லட்சம். ரீஃபண்ட் 18,000. டம்டம் ஏர்போர்ட்டில் இறங்கினால் டியூட்டி இல்லாத வரம்பு 75,000 (2026 பிப்ரவரி வரை 50,000தான்). மிச்சம் 75,000க்கு 38.5 சதவீதம் என்றால் 28,875. அங்கே வாங்கியதை விட இங்கே கட்டுவது அதிகம்! நாலு பேர் குடும்பம், நாலு பேர் வரம்பையும் ஒரே பைக்குச் சேர்த்துக்கலாம் என்றால் அதற்கும் விதியில் இடமில்லை. இதே பை இந்தியக் கடையில் இன்னும் விலை கூடுதலாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் 'லாபம்' என்று சொல்லிக்கொண்டு வாங்காதீங்க.

"யாரு சார் டியூட்டி கட்டறா? டேகைக் கிழிச்சு தோள்ல மாட்டிக்கிட்டு கிரீன் சேனல்ல வந்துட வேண்டியதுதான்" என்பார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். ரீஃபண்ட் முத்திரைக்காக பாரிஸில் "இன்னும் உபயோகிக்கவே இல்லை" என்று காட்டிய அதே பை, கொல்கத்தாவில் "பழசு சார்" ஆகிவிடுகிறது. பக்கத்தில் நம்ம பிள்ளை டிராலியைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் கேட்டுக்கொண்டு நிற்கிறது.

இத்தனையும் எந்த ஊருக்கு? டாங்ரா, தில்ஜலா, தாப்சியாவில் இருந்த தோல் பதனிடும் ஆலைகளை வெளியே போகச் சொல்லி 1996-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட, பந்தாலாவில் தோல் வளாகமே எழுந்த ஊர் இது. ஐரோப்பாவுக்குப் பைகளும் பர்ஸுகளும் இங்கிருந்துதான் கப்பல் ஏறுகின்றன. (அதே 1996-ல்தான் நம்ம வேலூர் மாவட்டத்துத் தோல் ஆலைகள் பற்றிய தீர்ப்பும் வந்தது. பாலாறு பட்ட பாடு ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குத் தெரியும்.) அழுக்குத் தண்ணீர் நமக்கு, முத்திரை அவர்களுக்கு. பூஜைக்கு முன்னால் லிண்ட்சே தெரு ஸ்ரீலெதர்ஸில் நுழைந்து பாருங்கள், உள்ளூர்க்காரர்கள் எங்கே வாங்குகிறார்கள் என்று புரியும்.

அப்படியும் மனசு கேட்கவில்லையா? ரெட் சேனலில் போய் டியூட்டி கட்டுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த தடவை அதே பையோடு வெளிநாடு கிளம்பினால், போகும்போதே கஸ்டம்ஸில் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது அது புதுசு இல்லை என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில்.