சால்மன் குஞ்சுகளுக்கு இருட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டில் நகருக்குத் தென்கிழக்கே ஓடுகிறது சீடார் ஆறு. அந்த நகரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த ஆற்றினுடையது. குளிர்காலம் முடியும் தறுவாயில், இதன் கூழாங்கற்களுக்கு அடியிலிருந்து சாக்கை வகைச் சால்மனின் குஞ்சுகள் வெளியே வருகின்றன. மூன்று சென்டிமீட்டர்கூட இராத அந்தக் குஞ்சுகள் பொழுது சாய்ந்ததும் மேலெழும்பி, நீரோட்டத்தோடு சேர்ந்து இருளில் வாஷிங்டன் ஏரியை நோக்கிப் போகின்றன. வழியெங்கும் கற்களுக்கிடையே ஸ்கல்பின் என்ற அடித்தள மீன் காத்துக் கிடக்கிறது. அதன் கண்ணில் படாமல் தப்பிக்கக் குஞ்சுக்கு இருப்பவை இரண்டுதான்: இருட்டு, வேகம். ஏரியில் சேர்வதற்குச் சற்று முன்பு ஆறு ரென்டன் நகருக்குள் நுழைகிறது. அங்கே பாலங்களும் கட்டடங்களும் தெருவிளக்குகளும் தண்ணீரின்மேல் வெளிச்சத்தைக் கொட்டுகின்றன. அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையின் ஆய்வாளர்கள் இந்த ஆற்றிலேயே விளக்கு வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். வெளிச்சம் கூடக்கூடக் குஞ்சுகள் வேகம் குறைந்து தயங்கின, பல நின்றேவிட்டன. ஸ்கல்பின் வயிற்றுக்குள் போன குஞ்சுகளின் எண்ணிக்கை உயர்ந்தது. ஆற்றில் கலக்கும் கழிவை மாசு என்று ஒப்புக்கொள்ளும் நாம், ஆற்றின்மேல் இரவு முழுக்க விழும் இந்த வெளிச்சத்தையும் மாசு என்றே கணக்கில் எழுத வேண்டும் என்பது என் கருத்து.

சால்மனின் இளமைப் பருவத்தில் வெளிச்சம் செய்யும் வேலை சிறியதன்று. முட்டையிலிருந்து வெளிவந்து மஞ்சள்கருப் பையைச் சுமந்துகொண்டிருக்கும் நாட்களில் குஞ்சு வெளிச்சத்தைக் கண்டால் விலகி, கற்களின் அடியிலேயே பதுங்கும். பிறகு நீந்தக் கற்றதும் இரவு பார்த்து வெளியே வரும். ஆற்றில் வளரும் அட்லாண்டிக் சால்மன் குஞ்சு, தண்ணீர் நன்றாகக் குளிர்ந்துவிட்டால் பகலெல்லாம் கல்லுக்கடியில் ஒளிந்திருந்து இரவில்தான் இரை தேடும். கடலுக்குப் போகும் காலம் வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்வதும் பகல் நீளுவதுதான். மண்டையோட்டின் மெல்லிய கூரைக்குக் கீழே இருக்கும் பீனியல் உறுப்பு வெளிச்சத்தைத் தானே நேரடியாக உணர்ந்து, இருட்டில் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இரவு எவ்வளவு நீளம் என்று உடல் அறிந்துகொள்வது அதைக்கொண்டு. நன்னீர் மீனை உப்புநீர் மீனாக மாற்றும் பெரும் மாற்றத்தின் நேரமும் இதோடு பிணைந்திருக்கிறது. நார்வேயின் மீன்பண்ணைக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். சில வாரங்கள் பகலைச் சுருக்கிக் குளிர்காலம் போலக் காட்டி, பிறகு 24 மணிநேரமும் விளக்கெரித்து, தாங்கள் விரும்பும் மாதத்தில் குஞ்சுகளைக் கடலுக்குத் தயாராக்குகிறார்கள். ஒரு தொழில் தன் உற்பத்தி அட்டவணையையே விளக்கின் விசையில் வைத்து நடத்தும்போது, அதே விளக்கு ஆற்றோரத்தில் எரிந்தால் மீனுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புவது எப்படி?

எவ்வளவு வெளிச்சம் தொல்லையாகிறது என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகள் பதில் தருகின்றன. முழுநிலவு தரையில் தரும் வெளிச்சம் ஏறத்தாழ கால் லக்ஸ்தான். தெருவிளக்கு அதைப்போலப் பல மடங்கு தரும். 2012 முதல் 2015 வரை வெளியான ஆய்வுகளில், இயல்பான இருட்டில் அந்தி சாய்ந்த சில மணி நேரத்துக்குள் புறப்பட்டுவிடும் அட்லாண்டிக் சால்மன் குஞ்சுகள், தெருவிளக்கு அளவு வெளிச்சத்தில் நாள்கணக்கில் தாமதித்தன. எந்த நேரத்தில் கிளம்புவது என்ற ஒழுங்கும் குலைந்தது. 1 லக்ஸ் அளவிலேயே தாமதம் தெரிந்தது. ஹாம்ப்ஷயரின் இட்சென் ஆற்றுக் கிளையோடை ஒன்றில், கடலுக்குப் போகும் பருவத்துச் சால்மன்கள் விளக்கொளியில் புறப்படும் நேரத்தைத் தவறவிட்டன. இரண்டொரு நாள் தாமதம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். குஞ்சின் வயிற்றில் இருக்கும் மஞ்சள்கரு தீர்ந்துகொண்டே இருக்கிறது; தாமதித்துப் புறப்பட்டவை உடல் சிறுத்தே புறப்பட்டன. முந்தி வந்தவை நல்ல இடங்களைப் பிடித்துவிடுகின்றன. எல்லாவற்றையும்விட, ஆயிரக்கணக்கில் ஒரே இருட்டில் கூட்டமாக வருவதுதான் இவற்றுக்குக் கவசம். இரைகொல்லி மீனின் வயிறு நிரம்பிவிட்டால் மீதி தப்பும். ஒவ்வொன்றாக, நினைத்த நேரத்தில் வந்தால் அந்தக் கவசம் போய்விடும்.

ஆறு கடந்து ஏரியை அடைந்தாலும் நிம்மதி இல்லை. கற்களுக்கடியில் வெளிச்சத்துக்கு அஞ்சிய அதே மீன், சற்று வளர்ந்ததும் இரவில் கரையோர விளக்கைத் தேடிப் போய்க் கூடுகிறது. சியாட்டில் பகுதி ஏரிகளில் சினூக், கோஹோ, சாக்கை ஆகிய சால்மன் வகைகளின் குஞ்சுகளிடம் இதைக் கண்டிருக்கிறார்கள். கண்ணால் பார்த்து வேட்டையாடும் டிரவுட் மீன்களுக்கு நகரத்தின் ஒளியைத் திருப்பி அனுப்பும் மேகமூட்டமே போதும், இரவிலும் இரை தெரிந்துவிடும். பகலிலோ நிலைமை தலைகீழ். சியாட்டிலின் கடற்கரையில் வரிசையாக நிற்கும் துறைமேடைகளின் கீழே அடர்ந்த நிழல். வெயிலிலிருந்து அதற்குள் நுழையும் குஞ்சின் கண் இருட்டுக்குப் பழகப் பல நிமிடங்கள் ஆகும் என்பதால், அது விளிம்பிலேயே தயங்கி நிற்கிறது, அல்லது ஆழத்துக்குச் சுற்றிப் போகிறது. ஆகவே 2017-ல் கட்டி முடிந்த புதிய கடற்சுவரின் நடைபாதையில் கண்ணாடிக் கட்டிகளைப் பதித்து, கீழே தண்ணீருக்கு வெயில் போகும்படி செய்தார்கள். அதன்பின் குஞ்சுகள் மேடைகளுக்குக் கீழும் வெளியிலும் முன்னைவிடச் சீராகப் பரவியதை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். புதிய படகுத்துறைகளின் தளம் வெளிச்சம் புகும் கம்பிச் சட்டங்களாக இருக்க வேண்டும் என்று அம்மாநில விதிகளும் கேட்கின்றன. மீன்குஞ்சுக்காக நடைபாதையையே மாற்றிக் கட்டிய இந்த அக்கறையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். பகல் வெளிச்சத்துக்குக் காட்டிய அதே அக்கறை இரவின் இருட்டுக்கும் வர வேண்டும்.

அணைகளும் சூடேறும் தண்ணீரும் இருக்கும்போது விளக்கைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்பது வலுவான மறுப்பு. டயர் தேய்மானத்திலிருந்து கசியும் ஒரு வேதிப்பொருள் கோஹோ சால்மன்களைக் கொல்கிறது என்று 2020-ல்தான் கண்டுபிடித்தார்கள். சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் கடலிடுக்கின் சினூக் 1999 முதலே அழிவு அபாயப் பட்டியலில் இருக்கிறது. வாஷிங்டன் ஏரியில் சாக்கை பிடிக்கப் பொதுமக்களுக்குக் கடைசியாக அனுமதி கிடைத்தது 2006-ல். இவ்வளவுக்கும் விளக்குதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் அணையை இடிக்கப் பல பத்தாண்டுகள் போராட வேண்டும். ஆற்றைக் குளிர்விக்கக் கரையில் மரம் வளர்ந்தாக வேண்டும். விளக்கை அணைத்தால் அன்றிரவே ஆறு இருட்டாகிவிடும், தண்ணீரில் எந்த எச்சமும் மிஞ்சாது. மீன்கள் நலிந்திருக்கும்போதுதான் தடுக்கக்கூடிய ஒவ்வொரு சாவுக்கும் எடை கூடுகிறது.

மனிதர்களின் பாதுகாப்பு இன்னொரு மறுப்பு. பாலத்தில் நடப்பவருக்கு வெளிச்சம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அவருக்கு வேண்டியது காலடியில் விழும் வெளிச்சம். தண்ணீரில் சிந்துவது யாருக்கும் பயன்படாமல் போகிறது. விளக்குக்கு மறைப்பு போடலாம், கம்பத்தைத் தாழ்த்தலாம், ஆள் நடமாட்டம் கண்டால் மட்டும் கூடும்படி வைக்கலாம். எல்இடிக்கு மாறும் நகரங்கள், தெளிந்த நீரில் ஆழம்வரை ஊடுருவும் நீலம் குறைந்த விளக்குகளைத் தேர்ந்தெடுக்கலாம். இவையும் ஆண்டு முழுவதும் எல்லாத் தெருவிலும் தேவையில்லை. சீடார் ஆற்றில் குஞ்சுகள் பெருமளவில் இறங்குவது குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தம்வரை, அதுவும் அந்திக்குப் பிந்தைய மணிகளில். ரென்டன் வழியாக ஓடும் அந்தக் கடைசிச் சில கிலோமீட்டர்களில், அந்த மாதங்களில், தண்ணீரைப் பார்த்திருக்கும் விளக்குகளைத் திருப்பி வைப்பதிலிருந்து தொடங்கலாம்.