ஒரு முதலெழுத்துக்குப் பின்னால் எத்தனை தகப்பன்மார்?



காலையில் பிரட்டுக்களத்தில் நின்று "லெட்சுமி" என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ராமசாமி என்றாலும், முத்துசாமி என்றாலும், மாரியாயி என்றாலும் அதே கதைதான். நமக்குள் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. மேட்டு லயத்து லெட்சுமி, கோயிலடி லெட்சுமி, கங்காணி வீட்டு மருமகள் லெட்சுமி என்று சொன்னால் சின்னப் பிள்ளைக்கும் ஆள் விளங்கும். அந்தப் பெயர் காகிதத்தில் ஏறும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. காகிதத்தில் லயமும் இல்லை, கோயிலடியும் இல்லை. ஒரு முதலெழுத்தும் ஒரு பெயரும் மட்டுமே இருக்கின்றன.

அண்மையில் எங்கள் பணிமனைக்கு ஒரு தாய் வந்தார். முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஊழியர் சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தார், விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. செக்றோலில் அவருடைய பெயருக்கு முன்னால் தகப்பன் பெயரின் எழுத்து. அடையாள அட்டையில் புருசன் பெயரின் எழுத்து. விவாகச் சான்றிதழில் லெட்சுமி 'லக்ஷ்மி' ஆகியிருக்கிறாள். போதாக்குறைக்கு, அதே தோட்டத்தில் அதே முதலெழுத்தோடு அதே பெயரில் இன்னொருவரும் வேலை செய்திருக்கிறார். "இதெல்லாம் நீங்கள் ஒருவர்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்கிறார்கள். அந்தத் தாய் எங்களிடம் காட்டியது கொழுந்துக்கறை ஏறிய தன் விரல்களைத்தான். அந்த அத்தாட்சியை எந்த அலுவலகமும் ஏற்பதில்லை. அவர் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்.

இது ஒருவருடைய தலைவிதி அல்ல, பெயர் எழுதும் முறையிலேயே உள்ள கோளாறு என்று நாம் சொல்கிறோம்.

பெரேரா, பெர்னாண்டோ, சில்வா என்ற பெயர்கள் போர்த்துக்கேயர் காலத்தில் இந்த நாட்டுக்கு வந்தவை. தகப்பனுக்கும் பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் அதே பெயர் கடைசியில் நிற்கும். நம்முடைய பெயர் அப்படி அல்ல. நமக்குத் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். அடுத்த தலைமுறையில் நம் சொந்தப் பெயர் பிள்ளைக்கு முதலெழுத்தாகும். ஆகவே தாத்தா, தகப்பன், மகன் மூவருக்கும் பொதுவான குடும்பப் பெயர் என்று ஒன்று நம்மிடம் இல்லை. ஆனால் படிவம் "குடும்பப் பெயர்" என்று கேட்கிறது. ஒரு கிளாக்கர் அங்கே தகப்பன் பெயரை எழுதுகிறார், இன்னொருவர் நம் சொந்தப் பெயரை எழுதுகிறார். ஒரே வீட்டில் நாலு பேருக்கு நாலு குடும்பப் பெயர் ஆகிவிடுகிறது.

அப்படியானால் நாமும் ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்வோமா என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. நம் முன்னோர் வந்த தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்தது பெரும்பாலும் சாதிதான். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு அந்த ஒட்டை வெட்டியெறியச் சொன்னது. சாதி தெரியாமல் தகப்பன் பெயரை மட்டும் சொல்லும் முறையில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குடும்பப் பெயர் வந்தால் குழப்பம் தீரும் என்பதும் உண்மையல்ல. இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் பெரேராக்கள்! அவர்கள் எல்லோரும் உறவினரா?

பிழை தகப்பன் பெயரில் இல்லை, அதை ஒரே எழுத்தாகச் சுருக்கியதில்தான் இருக்கிறது. ஆங்கில 'எஸ்' எழுத்துக்குப் பின்னால் சுப்பையா இருக்கலாம், சின்னையா இருக்கலாம், செல்லையா, சண்முகம், சிவனு யாரும் இருக்கலாம். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், காணியைக் காக்கும் போராட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவரை நாம் சிவனு லெட்சுமணன் என்றுதான் சொல்கிறோம். மலையகத்தில் லெட்சுமணன்கள் எத்தனையோ பேர். தகப்பன் பெயர் முழுதாக நிற்பதால் அந்தத் தியாகி வேறு எவரோடும் கலந்துவிடவில்லை. செத்தவருக்குக் கிடைத்த அந்த மரியாதை உயிரோடிருப்பவருக்கும் செக்றோலில் கிடைக்க வேண்டாமா?

இடப்பெயரிலும் இதே கதைதான். டன்சினன், கிளாஸ்கோ, எடின்பரோ என்று நம் தோட்டங்களுக்கு இருக்கும் பெயர்கள் ஸ்கொட்லாந்தில் உள்ள இடங்களின் பெயர்கள். துரைமார் தம் ஊர்ப் பெயரை மலைக்கு வைத்தார்கள். மலையைத் திருத்தியவனின் பெயரோ பிழையாக எழுதப்பட்டது. தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு மேற்பிரிவு, ஒரு கீழ்ப்பிரிவு. லயக் காம்பராவுக்குத் தனி விலாசம் இல்லாத இடத்தில், ஒரே பெயருள்ள இருவரில் ஒருவருக்கு வரும் கடிதம் மற்றவரிடம் போனால் யாரைக் குறை சொல்வது?

பெயர்ப் பிழையின் விலையை நாம் அறிவோம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவராக்கியது. அதன்பின் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நாம் யார் என்பதைக் காகிதத்தால் காட்ட வேண்டியிருந்தது. 1964 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. ஒரே தகப்பன் பெயரை முதலெழுத்தாகக் கொண்ட அண்ணன் நீலகிரியிலும் தம்பி நுவரெலியாவிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. பிறகு 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம், 1992இல் கம்பனிகள் என்று தோட்டங்கள் கைமாறின. பதிவேட்டைப் பெயர்த்தெழுதும்போது ஓர் எழுத்து நழுவினால் போதும், ஓர் ஆயுளின் உழைப்பு நழுவிவிடும். சம்பளத்தில் பிடித்த 8 வீதமும், முதலாளி போட வேண்டிய 12 வீதமும் நம்முடைய பணம். யாருடைய கருணையும் அல்ல.

ஆகவே நாம் கோருவது இதுதான். செக்றோலில் முதலெழுத்து மட்டும் போதாது. தகப்பன் பெயர் முழுதாகவும், பக்கத்தில் அடையாள அட்டை இலக்கமும் எழுதப்பட வேண்டும். கலியாணமான பெண்ணின் முதலெழுத்தை அவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. எனவே நம் பெயரை முதலில் தமிழில் சரியாக எழுதி, அதிலிருந்து மற்ற மொழிகளுக்கு எடுக்க வேண்டும். அலுவலகம் செய்த பிழையைத் திருத்தும் செலவு தொழிலாளியின் ஒரு நாள் பேராக இருக்கக் கூடாது.

நாமும் செய்ய வேண்டியது உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை டிரங்குப் பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, சம்பளச் சிட்டை, சேமலாப நிதிக் கணக்குக் கூற்று ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படித்த பிள்ளையை எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். ஓர் எழுத்து வித்தியாசம் என்றாலும் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொண்டுபோய்க் கொடுங்கள். ஓய்வு பெறும் வயது வரை காத்திருக்காதீர்கள். குழந்தை பிறந்தால் 42 நாட்களுக்குள் பதியுங்கள். பதிவாளர் எழுதியதைக் கையொப்பம் வைக்கும் முன் வாசித்துப் பாருங்கள், வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பிரட்டுக்களத்தில் ஒரு பெயருக்கு நாலு பேர் திரும்பிப் பார்க்கட்டும், அது நம் ஒற்றுமையின் அழகு. ஆனால் பணம் வரும் நாளில் அந்த நாலு பேருக்கும் அவரவர் பங்கு அவரவர் கையில் சேர வேண்டும். அதுவரை எங்கள் பணிமனைக் கதவு திறந்தே இருக்கும்.