ரோஜாவுக்குப் பதில் எங்கே?

  

+2 தேர்வு முடிவு வெளியான வாரம். தி.நகரில் பை, பெல்ட் வியாபாரம் செய்யும் ஒரு சகோதரர் எனக்கு ஆள் அனுப்பினார். அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குப் போனேன். பின்பக்கச் சரக்கு அறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அவருடைய மகன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். "ஹஜ்ரத், நீங்க சொன்னாத்தான் கேப்பான். சினிமா படிக்கப் போறானாம். தரமணியில காலேஜ் இருக்காம். கூத்தாடிக் காசு நம்ம குடும்பத்துக்கு வேணாம்னு நல்லா எடுத்துச் சொல்லுங்க" என்றார் அத்தா.

இது எனக்குக் கைவந்த பயான்தான். எத்தனையோ மேடைகளில் பேசியது. கால் மணி நேரம் விளாசித் தள்ளினேன். பையன் குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"விஸ்வரூபம் வந்தப்ப நீங்க ஆர்ப்பாட்டத்துக்குப் போனீங்கன்னு அத்தா சொல்லியிருக்காங்க. படத்தைப் பார்த்துட்டா போனீங்க ஹஜ்ரத்?"

இல்லை. பார்க்கவில்லை. அடுத்தவர் சொன்னதைக் கேட்டுப் போனேன். ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்பதற்கு ஹுஜுராத் அத்தியாயத்தை ஆதாரம் காட்டி எத்தனை ஜும்ஆவில் பேசியிருப்பேன்! பதினெட்டு வயதுப் பையன் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

சகோதரர்களே! அந்த விஸ்வரூபம் விவகாரத்தில் நாம் சாதித்தது என்ன? நினைத்துப் பாருங்கள். 2013 ஜனவரி 25 அன்று வரவேண்டிய படம். இருபதுக்கும் மேற்பட்ட அமைப்புகள் ஒன்றாகக் கூடின. 144 தடையுத்தரவு போட்டு மாவட்டம் தோறும் படத்தை நிறுத்தியது அரசு. உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி தடையை நீக்கினார். மறுநாளே மேல் அமர்வு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. கடைசியில் பிப்ரவரி 2 அன்று பேச்சுவார்த்தை. ஏழு இடங்களில் வெட்டும் ஒலி நீக்கமும். பிப்ரவரி 7 அன்று படம் வெளியானது. கூட்டம் அலைமோதியது. நாம் செய்து கொடுத்த விளம்பரத்தை எந்தப் போஸ்டரும் செய்திருக்காது! அதற்கு மூன்று மாதம் முன்பு துப்பாக்கி. அங்கும் ஆர்ப்பாட்டம், மன்னிப்பு, சில காட்சி நீக்கம். பின்னர் 2024இல் அமரன். மறுபடி ஆர்ப்பாட்டம்.  அந்தப் படங்களின் கதையில் ஒரு வரியாவது மாறியதா?

எதிர்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. சட்டப்படி எதிர்ப்பது நமது உரிமை. அதை எவரும் பறிக்க முடியாது. ஆனால் எப்போது போய் எதிர்க்கிறோம் என்பதுதான் கேள்வி. ஒரு படத்தின் கதை தி.நகரிலோ வடபழனியிலோ ஏதோ ஒரு அறையில், பாய் விரித்து, டீ கிளாஸ்களுக்கு நடுவே ஐந்தாறு பேர் உட்கார்ந்து பேசிப் பேசி உருவாகிறது. 'வில்லன் யார்?' என்ற பேச்சு வரும்போது, 'ஒரு பாயைப் போட்டுக்கலாம்' என்று ஒருவன் சொல்கிறான். மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். அந்த நிமிடம் முடிந்தது கதை! அதன்பிறகு ஒன்றரை வருடம் படப்பிடிப்பு, எடிட்டிங், டப்பிங், தணிக்கை எல்லாம் கடந்து போஸ்டர் ஒட்டிய பிறகுதான் நாம் தியேட்டர் வாசலுக்குக் கொடி பிடித்து வருகிறோம். அந்த அறையில், 'ஏண்ணே, எங்க தெருவுல எல்லாரும் சாயந்தரம் ஆனா கடை கணக்குதான் பார்க்கிறாங்க, குண்டு யாரும் செய்யலையே' என்று சொல்ல ஒருவன் இருந்தானா?

ரோஜா 1992 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது. 1995இல் பம்பாய். அப்போது நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த சிறுவன். அந்த ஜூலையில் ஆழ்வார்பேட்டையில் இயக்குநர் மணிரத்னம் வீட்டின் மீது குண்டு வீசப்பட்டு அவர் காயமடைந்தார். அது மார்க்கம் அனுமதிக்காத குற்றம், கோழைத்தனம். 'பாய் என்றால் குண்டு' என்று திரையில் எழுதியவர்களுக்கு, 'ஆமாம்' என்று நம் பெயரில் யாரோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல் ஆயிற்று. அதன் விலையை மயிலாப்பூரில் வாடகைக்கு வீடு தேடிய பாயும் கொடுத்தார். ரயிலில் தாடியோடு பயணம் செய்த மாணவனும் கொடுத்தான்.

இதே 1992இல் இன்னொரு படமும் வந்தது. தேவர் மகன். அதில் இசக்கி என்ற வேலைக்காரப் பாத்திரத்தைப் பார்த்து ஒரு சிறுவன் மனம் நொந்தான். அவன் தியேட்டரை உடைக்கவில்லை. வளர்ந்தான். இயக்குநர் ராமிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றான். 2018இல் பரியேறும் பெருமாள் எடுத்தான். 2023இல் மாமன்னன் எடுத்தான். அதன் பாடல் வெளியீட்டு மேடையில், கமல்ஹாசனை எதிரே உட்கார வைத்துக்கொண்டே, 'அந்த இசக்கிதான் என் மாமன்னன்' என்ற பொருளில் பகிரங்கமாகப் பேசினார் மாரி செல்வராஜ். அவருடைய முதல் படத்தைத் தயாரித்தவர் பா. ரஞ்சித். சென்னை கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். 2012இல் அட்டகத்தி, 2014இல் மெட்ராஸ். பன்னிரண்டே வருடத்தில் தமிழ் சினிமாவில் சேரி மக்களின் வீட்டுச் சுவர் எப்படி இருக்கும், அங்கே என்ன படம் மாட்டியிருக்கும், சாவு வீட்டில் எப்படி ஆடுவார்கள் என்பதெல்லாம் மாறிப் போய்விட்டது! உதவி இயக்குநர்கள் படிக்கக் கூகை என்ற நூலகத்தையும் தொடங்கினார்.

தேவர் மகனுக்குப் பதில் வந்துவிட்டது. ரோஜாவுக்குப் பதில் எங்கே?

'ஏன், நம் ஆட்கள் சினிமாவில் இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். கவி கா.மு. ஷெரீப் பாட்டெழுதியிருக்கிறார். மதுரைக்காரரான இப்ராகிம் ராவுத்தர், திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்த ஆர்.கே. செல்வமணி என்ற புதியவரை நம்பிப் பணம் போட்டு, 1990இல் புலன் விசாரணை எடுத்தார். அமீரின் பருத்திவீரனை பெர்லின் திரைப்பட விழா வரை பார்த்தார்கள். நாசர் முறையாக நடிப்புப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்; 2015இல் நடிகர் சங்கத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சங்கம் இருப்பது தி.நகர் ஹபீபுல்லாஹ் சாலையில். சாலையின் பெயர் கூட நம்முடையதுதான்! ரோஜாவுக்கும் பம்பாய்க்கும் இசை அமைத்தவர் யார்? நம் சகோதரர் ஏ.ஆர். ரஹ்மான்தான். அவர் மீது குறை சொல்லவில்லை. இசையமைப்பாளர் பாட்டுக்குத்தான் பொறுப்பு, கதைக்கு அல்ல. ஆனால் இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. இசையில் ஒருவர், கேமராவில் ஒருவர், நடிப்பில் ஒருவர் என்று இருந்தாலும் பேனா வேறொருவர் கையில் இருந்தால் கதை அவர் வீட்டுக் கதையாகத்தான் இருக்கும்.

கேரளாவைப் பாருங்கள். 2018இல் சக்கரியா என்ற இளைஞர் சுடானி ஃப்ரம் நைஜீரியா என்று ஒரு படம் எடுத்தார். மலப்புரத்துக் கால்பந்து மைதானம், அடிபட்டுக் கிடக்கும் ஒரு ஆப்பிரிக்க விளையாட்டுக்காரன், அவனுக்குக் கஞ்சி ஊட்டும் இரண்டு வயதான உம்மாக்கள். அவ்வளவுதான் கதை. அதில் குண்டும் இல்லை, பிரச்சாரமும் இல்லை. அந்த உம்மாக்களைப் பார்த்த பிறகு எந்த மலையாளிக்கும் முக்காடு போட்ட கிழவி அந்நியமாகத் தெரிவாளா? படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கண்டித்து அந்த விழாவையே புறக்கணித்தார்கள். விருது வாங்குகிற இடத்தில் இருந்ததால்தான் அதைப் புறக்கணிக்க முடிந்தது! நமக்கு மட்டும் கதைப் பஞ்சமா? தோப்பில் முஹம்மது மீரான் எழுதி வைத்த கடற்கரை ஊர் இருக்கிறது. வளைகுடாவில் முப்பது வருடம் கழித்துவிட்டு சர்க்கரை வியாதியோடு திரும்பும் அத்தாக்கள் இல்லாத தெரு நம்மிடம் உண்டா?

நம்மில் பலர் 'தி மெஸேஜ்' படத்தை வீடியோ கேசட்டில் கண்ணீரோடு பார்த்தவர்கள். அதை எடுத்த முஸ்தஃபா அக்காத் சிரியாவின் அலெப்போ நகரத்துக்காரர். சினிமா படிக்க அமெரிக்கா போகிறேன் என்றபோது அவர் தந்தை ஒரு கையில் 200 டாலரும் மறு கையில் குர்ஆனும் கொடுத்து அனுப்பினார். இதை அக்காத்தே சொல்லியிருக்கிறார். 1976இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவத்தையோ குரலையோ காட்டாமலே அவர்களுடைய வரலாற்றைப் படமாக்கினார். அரபியில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை, தனித்தனி நடிகர்களை வைத்து எடுத்தார். மறு ஆண்டு வாஷிங்டனில் ஒரு கூட்டம் கட்டடங்களைப் பிடித்து மக்களைப் பணயம் வைத்தது. அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று இந்தப் படத்தை நிறுத்த வேண்டும் என்பது. நபியாக ஒருவர் நடித்திருக்கிறார் என்று கேள்விப்பட்டார்களாம்! 2005 நவம்பரில் அம்மான் ஹோட்டல் குண்டுவெடிப்பில் அக்காத்தும் அவர் மகளும் கொல்லப்பட்டார்கள். வைத்தவர்கள் யார்? மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள்தான்.

இப்போது வணிகப் பெருமக்களிடம் வருகிறேன். கோபிக்காதீர்கள். கடை திறப்பு விழாவுக்கு நடிகையை அழைத்து, லட்சங்களை எண்ணிக் கொடுத்து, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறீர்களே, அப்போது கூத்தாடிக் காசு பற்றிய நினைவு எங்கே போயிற்று? பர்மா பஜாரில் திருட்டு வி.சி.டி. கொடிகட்டிப் பறந்த காலத்தில், நம்மைக் கேவலப்படுத்திய படங்களையே நம்மவர்களும் கூவி விற்றார்கள். சினிமாவை விற்கலாம், சினிமாவை வைத்து விற்கலாம், மகன் அதைப் படித்தால் மட்டும் குடும்ப மானம் போய்விடுமா?

ஆலிம்கள் நாமும் யோக்கியர்கள் இல்லை. ஒலிபெருக்கி வந்தபோது தொழுகையில் அதைப் பயன்படுத்தலாமா என்று வருடக் கணக்கில் வாதிட்டவர்கள் நம் முன்னோர். புகைப்படம் கூடாது என்றவர்கள், இன்று பயானுக்கு மூன்று கேமரா வைக்கிறோம். அந்தக் கேமராவைப் பிடிக்கும் தம்பியிடம் எங்கே கற்றாய் என்று கேட்டேன். 'கல்யாண வீடியோதான் ஹஜ்ரத்' என்றான். அதனால்தான் என் முகம் எப்போதும் மாப்பிள்ளை மாதிரி வெள்ளையாகத் தெரிகிறது போலும்.

சினிமாவில் ஆபாசம் இல்லையா? குடி இல்லையா? இருக்கிறது. ஹராம் ஹராம்தான், அதில் சமரசம் இல்லை. துணிக்கடையிலும் பொய்ச் சத்தியம் இருக்கிறது, வட்டி இருக்கிறது. அதற்காகக் கடை போடாதே என்றா சொன்னோம்? ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, எடிட்டிங், திரைக்கதை எழுதுவது: இவை கைத்தொழில்கள். எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் கணக்கு இருக்கிறது.

இளைஞர்களே, போவதாக இருந்தால் வழி தெரிந்து போங்கள். நம் ஊர்ப் பையன் ஒருவன் ஒரு தனியார் பயிற்சிக்கூடத்தில் அத்தாவின் மூன்று லட்சத்தைக் கட்டிவிட்டு, ஆறு மாதத்தில் ஒரு சான்றிதழும் ஒரு குரூப் போட்டோவுமாகத் திரும்பினான். நல்ல தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. அவற்றுக்குப் பெரும் பணம் வேண்டும். ஆனால் அடையாறு திரைப்படக் கல்லூரி என்று பழைய ஆட்கள் சொல்வார்களே, அது 1945இல் தொடங்கிய அரசு நிறுவனம். பி.சி. ஸ்ரீராம் படித்த இடம். 1986இல் ஊமை விழிகள் எடுத்து, கல்லூரிப் பையன்களால் என்ன முடியும் என்று காட்டியவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். இன்று எம்.ஜி.ஆர். பெயரில் தரமணியில் இருக்கிறது. +2 முடித்தவர்களுக்கு நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. இடங்கள் கொஞ்சம்தான், போட்டி கடுமை. சேர்க்கை அறிவிப்பு செய்தித்தாளில் வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். 2007இல் 3.5 சதவீத ஒதுக்கீடு வாங்கினோமே, அது மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மட்டுமா? இதுவும் அரசுக் கல்லூரிதான். டெல்லியில் நம் ஜாமியா மில்லியா 1982லேயே இதற்கென்று ஒரு மையம் தொடங்கிவிட்டது.

படித்து முடித்தவுடன் நாற்காலி போட்டு உட்கார வைக்க மாட்டார்கள். உதவி இயக்குநராக வருடக் கணக்கில் பேட்டா காசில் அலைய வேண்டும். சங்க அட்டை வாங்கவே கையில் பணம் வேண்டும். அப்போதுதான் ஜமாஅத்தும் வியாபாரிகளும் தேவை. ஒரு ஆர்ப்பாட்டத்துக்கு வேன் பிடிக்கும் செலவில் ஒரு பையனுக்கு மூன்று மாத அறை வாடகை கட்டலாம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

சரக்கு அறையில் இதையெல்லாம் நான் அன்றே சொல்லிவிடவில்லை. 'யோசித்துச் சொல்கிறேன்' என்று எழுந்து வந்துவிட்டேன். நான்கு நாள் கழித்துத்தான் அந்த அத்தாவிடம் போய், நான் பேசியதைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். அவருக்கு என் மீது கோபம். ஒரு மாதம் பேசவில்லை. போன வாரம் தொலைபேசி செய்தார். விண்ணப்பம் போட்டாயிற்றாம். இன்னும் முடிவு தெரியவில்லை.

"அது இருக்கட்டும் ஹஜ்ரத்" என்றார். "தரமணியில ஜும்ஆவுக்கு எந்தப் பள்ளி பக்கம்?"

விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.