கிழங்கு தின்ற காலம்

காலையில் ஒருவரையொருவர் கண்டால் "பசியாறியாச்சா?" என்றுதான் இந்நாட்டுத் தமிழர் கேட்கிறோம். விடியுமுன் பெரட்டில் நின்று, வெறுங்காப்பியோடு நிரைக்கு ஓடி, மரம் வெட்டி முடித்த பின்னரே முதற் கவளம் கண்டவர்களுக்கு வேறு எந்தச் சொல் பொருந்தும்?

சிகாமட் வட்டாரத்தில் ஒரு கல்யாண வீட்டில் பழைய தோட்டத்து ஆட்கள் நாலு பேர் கூடிவிட்டால் போதும், பேச்சு சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறது. பழையதும் சின்ன வெங்காயமும், தணலில் சுட்ட கருவாடு, அம்மியில் அரைத்த நெத்திலிச் சம்பல், லயத்துக் கொல்லை முருங்கைக்கீரை, சாம்பலில் புதைத்த பலாக்கொட்டை! நமக்கும் நாவூறத்தான் செய்கிறது, மறைப்பானேன்? பால் வாடை போகாத கையால் அம்மா பிசைந்து கொடுத்த உருண்டையின் ருசி எந்த ஓட்டலிலும் அகப்படவில்லை.

ஆனால் "அந்தக் காலமே பொற்காலம்" என்பாரோடு நமக்கு வழக்குண்டு. சம்பல் ருசித்தது மெய்தான். அதை அரைத்தவள் ஆணுக்குச் சமமாக மரம் வெட்டியவள்; பெரட்டுக்கு முன்னே எழுந்து உலை வைத்து, எல்லோரும் தின்றபின் சட்டியில் ஒட்டியதை வழித்துத் தின்றவள். கிராணி வீட்டில் இட்லி வெந்த வாசனையை லயத்துப் பிள்ளைகள் மூக்கால் மட்டும் உண்டதும் அதே பொற்காலத்தில்தான். கிராணிமார் கோபிக்க வேண்டாம். உங்கள் வீட்டம்மாக்கள் அழைத்துக் கொடுத்ததையும் நாம் மறக்கவில்லை.

மரவள்ளிக்கிழங்கின் கதை வேறு. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை கிம்மாஸ், சிகாமட் வழியாகத் தெற்கே இறங்கிற்று. பர்மா, சயாம் அரிசியை நம்பியிருந்த நாட்டில் அரிசி அரிதாயிற்று. ரப்பருக்குக் கிராக்கி போயிற்று. வேலையும் கூலியும் போயின. ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். போனவர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. லயத்தில் எஞ்சியோருக்குக் கிழங்கே சோறு, அதன் இலையே கறி. சத்தின்றிக் கால் வீங்கினோரும், புண் ஆறாமல் மாண்டோரும் எத்தனை பேர்! 1945 வரை இதே கதி.

இன்று அதே கிழங்கு சந்தையில் பலகாரமாக விற்கிறது. வாங்கித் தின்போம், குற்றமில்லை. ஆனால் ருசியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பசியைச் சொல்லாமல் விடுவது, பாதிப் பேரை விட்டுவிட்டுச் செக்ரோலை மூடுவது போலாகும். பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயங்களும் போயின. அக்காலத்தைக் கண்ணால் கண்டவர் இன்று வெகு சிலரே. அவர்களைச் சமைக்கச் சொல்லிக் கேட்கும்போதே கதையையும் கேட்டு எழுதி வையுங்கள்.

நம் வீட்டுப் பாட்டி கிழங்கை அவித்து, தேங்காய்ப்பூவும் சீனியும் தூவிக் கொடுப்பார். தாம் ஒரு துண்டும் தொடமாட்டார். நமக்காக விட்டுக் கொடுக்கிறார் என்றே வெகுகாலம் நினைத்திருந்தோம். ஒருநாள் கேட்டே விட்டோம்.

"என் பங்கை ஜப்பான்காரன் காலத்துலயே தின்னுட்டேன்யா" என்றார்.